பீரோவுக்குத் தைத்த கோட்டு

ஆண்கள் இனிமேல் மென்மையாக இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. அமைச்சர் ஒருவர் எங்கோ ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றதைப் பார்த்து அசந்துபோனார் என்று ஒரு பேச்சு. எப்படியோ, ஒரு திங்கட்கிழமை காலையில் 'மணமகன் கம்பீர வாரியம்' என்ற பலகைக்கு வெள்ளையடித்து, அதன் மேலேயே 'மணமகன் மென்மை வாரியம்' என்று எழுதினார்கள். பெயிண்டு ஒரே பூச்சுதான். வெயில் நேராக அடித்தால் மென்மைக்குப் பின்னாலிருந்து கம்பீரம் எட்டிப் பார்க்கும்.

ஆட்கள் மாறவில்லை. நாற்காலிகளும் மாறவில்லை. முன்பு தோள்பட்டையில் பஞ்சு குறைவாக இருந்தால் கோட்டைச் சுருட்டி முகத்தில் எறிந்த அதே அதிகாரிகள், இப்போது பஞ்சு இருந்தால் எறிந்தார்கள். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் வாரியத்தின் முத்திரை விழாத கோட்டோடு எந்த மாப்பிள்ளையும் நகராட்சி மண்டபத்துக்குள் நுழைய முடியாது. நகராட்சி மண்டபத்தில் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை. இந்தச் சட்டம் மட்டும் கம்பீர காலத்திலிருந்து ஓர் எழுத்துக்கூட மாறாமல் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

கத்திரிக்கு இந்தச் செய்தி முதலில் தேனாக இனித்தது. கத்திரி என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். தொழில் தையல், நாக்கும் அதே ரகம். மாப்பிள்ளைக் கோட்டு தைத்தே காலம் தள்ளுகிறவள். நெஞ்சுக்கு உள்ளே அட்டை மாதிரி ஒரு துணி, தோளுக்குப் பஞ்சு, முதுகுக்குக் கஞ்சி என்று திணித்துத் திணித்து, நல்ல பிள்ளைகளாக வந்தவர்களையெல்லாம் அலமாரிகளாக ஆக்கி அனுப்பி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது. கட்டிப்பிடித்தால் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கிற ஒரு கோட்டை ஒரு தடவையாவது தைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணனுக்கும் கல்யாணம் கூடிவந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தாள், பாவம்.

அண்ணனுக்குத் தெரு வைத்த பெயர் பீரோ. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. மூன்று பேர் முக்கித் தூக்குகிற இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோவான். தோளும் அதற்கு ஏற்ற தோள். ஆனால் வழியில் மாடிப்படியில் ஒரு பூனை படுத்திருந்தால், அது தானாக எழுந்து சோம்பல் முறித்து நகர்கிறவரை பீரோவைச் சுமந்தபடியே நிற்கிற ஆள். அதட்டி விரட்ட அவனுக்கு வராது. முதலாளி இதற்காகவே அவனைத் திட்டுவார். அவன் சிரிப்பான்.

இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் எந்தக் கல்யாணத்திலும் நிம்மதியாக உட்கார்ந்தது கிடையாது. வாசலில் தலை தெரிந்ததுமே, பீரோ வந்துட்டானா, அந்த மேசையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லு, இந்த நாற்காலியெல்லாம் உள்ளே போகணும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு, வியர்வைச் சட்டையோடு ஒரு மூலையில் நின்று சாப்பிடுவான். கத்திரி சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள். அவனுடைய சொந்தக் கல்யாணத்திலாவது எவனும் அவன் தலையில் எதையும் ஏற்றக் கூடாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் யாருக்கும் எதையும் சுமக்காமல் நிற்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் அந்தக் கோட்டில் வெளிப்பை வைக்கவில்லை. பை வைத்தால் ஆளாளுக்குச் சாவியையும் செல்போனையும் கொடுத்துவைப்பார்கள். தோளில் பஞ்சு இல்லை. நெஞ்சில் அட்டைத்துணி இல்லை. கையை அகல விரித்தாலும் முதுகு இழுக்காதபடி அக்குளை மேலே ஏற்றி வெட்டினாள். பித்தான்களுக்குத் துணி உறை போட்டாள். கல்யாணப் பெண்ணுக்கு உயரம் அண்ணனின் நெஞ்சுவரைதான். சாய்ந்தால் கன்னம் சரியாக இரண்டாவது பித்தானில் படும். நிறம், கழுவிக் கழுவி வெளுத்த செங்கல் நிறம். போட்டுப் பார்த்த பீரோ, கோட்டுப் போட்ட மாதிரியே இல்லையே பாப்பா என்றான். கத்திரியின் வாழ்நாளில் யாரும் அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டுச் சொன்னதில்லை.

கல்யாணப் பெண் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கோட்டை வந்து பார்த்தாள், துணியைத் தடவினாள், "எனக்கு அவரு இருந்தாப் போதும். கோட்டு உங்க ரெண்டு பேரு ஆசை" என்று சொல்லிவிட்டு, வேனில் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்று ஓடினாள். மண்டபம் வெள்ளிக்கிழமைக்குக் கிடைத்திருந்தது. அதை விட்டால் அடுத்த வருஷம்தான் காலியாம்.

முத்திரை வாங்க ஒரு காலைப் பொழுது போதும் என்று அண்ணனும் தங்கையும் வாரியத்துக்குக் கிளம்பினார்கள்.

வாரியத்தின் கூடத்தில் நீள நீளமான பெஞ்சுகள். மாப்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி. சுவரில் 'மென்மையே ஆண்மை' என்று எழுதி, கீழே 'சத்தம் போடுபவர்கள் வெளியேற்றப்படுவார்கள்' என்று அதைவிடப் பெரிதாக எழுதியிருந்தது. கத்திரியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பெஞ்சில் இருந்தாலும் கால் தையல் மிஷினை மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். காவலாளி வந்து, காலை ஆட்டுவது மென்மைக்கு விரோதம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே முதல் மேசையில் கட்டைவிரல் அதிகாரி. கம்பீர காலத்தில் இவர்தான் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, டொக்கென்று சத்தம் வருகிறதா என்று பார்த்தவர். இப்போது அதே விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே அமுங்கினால் மென்மை, அமுங்காவிட்டால் அமுங்காமை. பீரோவின் தோளில் அவர் விரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து நின்று உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். விரல் பின்பக்கமாக மடங்கிக்கொண்டது.

"உள்ள என்னம்மா வச்சுத் தச்சிருக்கே?" என்றார் விரலை உதறிக்கொண்டே.

"எங்கண்ணனைத்தான் சார்."

"அதை எடுத்துட்டுக் கொண்டா."

கத்திரி சிரித்துவிட்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது வாரியத்துக்கு முக்கியமில்லை, விரல் அமுங்குகிறதா என்பதுதான் முக்கியம் என்றார். எலும்பை எடுக்க முடியாது என்றால் எலும்பின் மேல் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்து வரட்டும், தனக்கு ஆட்சேபம் இல்லை. பீரோ அவருடைய விரலைப் பார்த்து, ஐஸ் வெச்சுக்கங்க சார், வீங்கிடும் என்று சொன்னான். அதையும் அவர் குறித்துக்கொண்டார்: அதிகாரிக்கு ஆலோசனை கூறினார்.

வீட்டுக்கு வந்து, பஞ்சே வைக்கக் கூடாது என்று தைத்த தோளைப் பிரித்து, கையளவு ஸ்பாஞ்சை உள்ளே திணித்தாள். ஆத்திரத்தில் ஊசி உடைந்தது. மறுநாள் மறுபடியும் அதே பெஞ்சு, அதே காவலாளி. கட்டைவிரல் அதிகாரி அழுத்தினார். விரல் முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. அவர் முகத்தில் ஒரு தெய்வீக அமைதி. அப்படியே கோட்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினார்.

பக்கத்து மேசையில் டேப் அதிகாரி. இவருக்குத் தோளின் அகலம்தான் இலாகா. மென்மையான ஆணுக்குத் தோள் எவ்வளவு இருக்கலாம் என்று நிர்ணயிக்க வாரியம் மூன்று உபகுழுக்கள் போட்டு, பல ஊர்களுக்குப் பயணம் செய்து, கடைசியில் தலைவருடைய தோளை அளந்து அதையே அளவாக வைத்துக்கொண்டது. தலைவர் ஒல்லி. பீரோவின் தோளை அளக்க டேப் அதிகாரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து போக வேண்டியிருந்தது. ஸ்பாஞ்சு வேறு அதை இன்னும் அகலமாக்கியிருந்தது. தள்ளுபடி. ஸ்பாஞ்சை எடுக்கவும் என்றார்.

ஸ்பாஞ்சை எடுத்தால் விரல் அமுங்காது. வைத்தால் டேப் ஒப்பாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நீங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில்தானே இருக்கிறீர்கள், ஒரு வார்த்தை பேசி முடிவு செய்தால் என்ன என்று கத்திரி கேட்டாள். காவலாளி பதறி உதட்டில் விரல் வைத்தான். விஷயம் என்னவென்றால், இரண்டு மேசைக்கும் நடுவில் இருந்தது ஒரே மின்விசிறி. அது யார் பக்கம் பார்க்க வேண்டும் என்று கம்பீர காலத்தில் ஏற்பட்ட தகராறில், இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன. விசிறி இப்போது யார் பக்கமும் இல்லாமல் சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. பேச வேண்டியது இருந்தால் தலைமையகம் வழியாகக் கடிதம் போகும், வரும்.

"அவர்கிட்ட சொல்லும்மா, தோள் என் பொறுப்புன்னு" என்றார் ஒருவர்.

"தோளோட மேல்பக்கம்தான் அவர் பொறுப்பு, பக்கவாட்டு என்னோடதுன்னு அவருக்குச் சொல்லு" என்றார் மற்றவர்.

கத்திரி நடுவில் நின்று இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் தான் எந்தக் கட்சி என்று அவளுக்கே மறந்துபோனது. அண்ணனைத் தேடினால், அவன் கூடத்தின் கோடியில் ஒரு இரும்பு அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தான். காவலாளி கேட்டானாம். வாட்டசாட்டமான ஆள் சும்மாதானே நிற்கிறான் என்று. கத்திரி போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு யாரைப் பார்த்தாலும் கடிக்க வேண்டும்போல இருந்தது.

வேறு வழியில்லாமல் தலைவரைப் போய்ப் பார்த்தார்கள். தலைவரின் கதவில் 'அன்போடு வரவும், அனுமதியின்றி வந்தால் தண்டிக்கப்படுவீர்கள்' என்று எழுதியிருந்தது. அவர் மேசை மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ரோஜாப்பூ மிதந்தது. பேசும்போது அவர் மேசையைக் குத்துவார்; பூ ஒவ்வொரு தடவையும் துள்ளி விழும்.

"மென்மைங்கிறது எனக்கு நேத்து வந்ததில்லம்மா, ரத்தத்துல ஊறினது. கம்பீர வாரியத்துல இருந்தப்பவே நான் மென்மையாத்தான் அறைவேன். என் வீட்டையே எடுத்துக்கோ. என் சம்சாரம் கல்யாணமான நாள்லேருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அவ்வளவு மென்மையா வச்சிருக்கேன். என் பையன் நான் வந்தா எந்திரிச்சுப் பக்கத்து ரூமுக்குப் போயிடுவான், மரியாதை. இந்த நாட்டுல மென்மையில்லாத மாப்பிள்ளை ஒருத்தன் இருந்தாலும் சரி, அவன் முதுகெலும்பை முறிக்காம நான் ஓயமாட்டேன்."

குத்தினார். பூ துள்ளியது.

அண்ணன் மென்மையானவன்தான், அவன் உடம்புதான் இப்படி என்று கத்திரி சொல்லிப் பார்த்தாள். பூனைக் கதையைக்கூடச் சொன்னாள். பூனை வாரியத்தின் வரம்புக்குள் வராது என்றார் தலைவர். மென்மை இருந்தால் போதாது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது தெரிய வேண்டும். ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள், கோட்டைக் குறைக்க முடியாவிட்டால் ஆளைக் குறைத்துவிடலாம் என்று சொல்லி, பீரோவைக் குனிவுப் பயிற்சிக்கு அனுப்பினார்.

குனிவுப் பயிற்சி பின்கட்டில் நடந்தது. தோளை உள்ளே மடக்கி, தலையைத் தாழ்த்தி, கையை முன்னால் கட்டிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் மன்னிப்புக் கேட்பதுபோல நிற்க வேண்டும். மற்ற மாப்பிள்ளைகள் திணறினார்கள். பீரோ முதல் தடவையிலேயே சரியாக நின்றான். பயிற்சியாளர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், பாருங்கள், இதுதான் குனிவு என்று. கத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அண்ணன் முதுகில் பீரோவோடு மாடிப்படி ஏறும்போது நிற்பானே, அதே நிற்பு. இப்போது முதுகில் பீரோ இல்லை, அவள் தைத்த கோட்டு இருந்தது. அவன் நிமிர்ந்து நிற்கட்டும் என்றுதானே தைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதற்கும் இங்கே ஏதாவது விதி இருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

இருக்கத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலையில் கண்ணீர்த் தேர்வு.

தலைவரே எழுதிய 'ஒரு மலரின் புலம்பல்' என்ற உரைநடையைத் தலைவரே உரக்க வாசிப்பார். கேட்டு மாப்பிள்ளைகள் கலங்க வேண்டும். மலர் முள்ளிடம் முறையிடுகிறது, முள் காற்றிடம் முறையிடுகிறது, காற்று ஒரு பாரா முழுக்க யாரிடமும் முறையிடாமல் வீசுகிறது. விவரம் தெரிந்த மாப்பிள்ளைகள் கைக்குட்டையில் வெங்காயம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவனை அவன் அப்பாவே பின்னாலிருந்து கிள்ளிக்கொண்டிருந்தார். பீரோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாசிப்பு முடிந்ததும், அப்புறம் அந்தப் பூ என்னாச்சு சார் என்று நிஜமான அக்கறையோடு கேட்டான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அப்போது உதவியாளர் அம்மாள் தலைவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். ஒல்லியான பெண், சேலை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கோப்பை கொஞ்சம் தளும்பி, மலரின் புலம்பல் மேல் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது.

"கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்றார் தலைவர். "உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்? பொம்பளைங்களை வேலைக்கு வச்சா இப்படித்தான். நான் மென்மையான ஆளுங்கிறதால தப்பிச்சே. வேற எவனா இருந்தாலும் இந்நேரம் வெளிய தள்ளியிருப்பான்."

மாப்பிள்ளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் ஈரத்தை முந்தானையால் ஒற்றினாள். கை நடுங்கியதில் ஒற்றியது இன்னும் பரவியது. பீரோவின் கண் நிறைந்து வழிந்தது. கோட்டுக் கையால் துடைத்தான், மறுபடி வழிந்தது. எழுந்து போய் அந்தக் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "சார், அவங்க கை நடுங்குது. கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க" என்றான்.

தேர்வுக்குழு கூடிப் பேசியது. கண்ணீர் வந்தது உண்மை. ஆனால் வாசிப்பு முடிந்த பிறகு வந்தது. மலருக்காக வரவில்லை, வாரிய ஊழியர் ஒருவருக்காக வந்தது. ஊழியர்கள் பாடத்திட்டத்தில் இல்லை. மேலும் மாப்பிள்ளை இரண்டாவது தடவையாக அதிகாரிக்கு ஆலோசனை கூறியிருக்கிறார். பூஜ்யம் போட்டார்கள். வெங்காய மாப்பிள்ளைகள் எல்லாரும் முதல் வகுப்பு.

"இவன்தான் சார் உங்களுக்கு வேணும்னு சொல்ற ஆளு. உங்க முன்னாடி அழுதுட்டு நிக்கிறான். கண்ணு தெரியலையா?" என்று கத்திரி வெடித்தாள். கண் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அதைப் பார்க்கும் அதிகாரி அன்று விடுப்பில் இருந்தாராம்.

பீரோ முகம் கழுவப் போனான். போகும்போது கோட்டைக் கழற்றி, நனையாமல் இருக்கட்டும் என்று ஒரு ஹேங்கரில் மாட்டி, கூடத்துச் சுவர் ஆணியில் தொங்கவிட்டான். கத்திரி படியில் உட்கார்ந்து கல்யாணப் பெண்ணுக்குப் போன் செய்தாள். மண்டபத்தை ரத்து செய்ய வேண்டியதுதான் அண்ணி என்றாள். அந்தப் பக்கம் வேன் ஹாரன் ஒருதரம் நீளமாக அடித்தது. வர்றேன், இரு என்று மட்டும் பதில்.

சாப்பிட்டுவிட்டு வந்த கட்டைவிரல் அதிகாரிக்குக் கண்ணைச் சொருகியது. உண்ட மயக்கத்தில், சுவரோரம் நின்ற உருவத்தின் தோளில் விரலை வைத்தார். அமுங்கியது. அப்படி ஒரு அமுங்கலை அவர் தன் பணிக்காலத்திலேயே பார்த்ததில்லை. முழு மதிப்பெண். அடுத்து வந்த டேப் அதிகாரி, அவர் தள்ளிப் போகும்வரை காத்திருந்து அளந்தார். ஸ்பாஞ்சும் ஆளும் இல்லாத துணி ஹேங்கரிலிருந்து அழகாகச் சரிந்திருந்தது. தலைவரைவிட ஒரு விரல்கடை குறைவு. முழு மதிப்பெண். குனிவு, சரியான குனிவு. பேர் என்னப்பா என்று கேட்டார், பதில் இல்லை. அடக்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண். கையில் ஈரம் இருந்ததைத் தொட்டுப் பார்த்துக் கண்ணீருக்கும் முழுசாகப் போட்டார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அதிகாரிகளும் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்திருந்தார்கள். முத்திரை பட்டியில் விழுந்தது.

பீரோ முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆணியிலிருந்து மாப்பிள்ளையை எடுத்து மாட்டிக்கொள்ளப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. வேறொரு அலுவலகமாக இருந்தால் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்திருப்பார்கள். தலைவர் வந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

வாரியம் கோட்டுக்குத்தான் முத்திரை தருகிறது, ஆளுக்கு அல்ல என்றார். விதியில் எங்குமே ஆள் என்ற வார்த்தை கிடையாது. ஆள் இருப்பதால்தான் இத்தனை நாளாகத் தரம் குறைந்துவந்திருக்கிறது. மென்மை வாரியத்தின் வரலாற்றிலேயே எல்லாப் பிரிவிலும் முழு மதிப்பெண் வாங்கிய முதல் மணமகன் இவர்தான் என்று கோட்டைக் காட்டிச் சொன்னார். இதை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது. போட்டால் மதிப்பெண் கலையும், முத்திரை செல்லாது. நாளைக்குக் கல்யாணத்துக்குத் தானே நேரில் வந்து கௌரவிப்பதாகவும் சொன்னார்.

வேன்காரி அப்போதுதான் உள்ளே வந்தாள். முழுக் கதையையும் கேட்டாள். தலைவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோட்டு மண்டபத்துக்குள்ள வந்தா, எங்க பதிவு செல்லும்ல?"

"தாராளமா செல்லும்மா."

"அப்ப அதைக் கொண்டு வந்துடறோம். அது கூடவே இவரும் வருவாரு, விருந்தாளியா." கத்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விடு கத்திரி, எனக்கு இவரோடதான் வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிவிட்டு அவள் வேன் சாவியைச் சுற்றிக்கொண்டே நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் மேலாளர் கழுத்துப் பட்டியைப் புரட்டி முத்திரையைப் பார்த்தார், கோட்டுக்கு வழிவிட்டார். பீரோ வெள்ளைச் சட்டையில் பின்னால் வந்தான். தலைவர் முதல் வரிசையில், இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள். மேடையில் பதிவாளர் மேசை, அதற்கு முன்னால் மணமகள் நிற்க ஓரிடம், மணமகன் நிற்க ஓரிடம். மணமகன் இடத்தில் கோட்டு இருக்க வேண்டும். ஆனால் மேடையில் ஆணி இல்லை. தரையில் படக் கூடாது, கசங்கக் கூடாது என்று தலைவர் கீழேயிருந்து எச்சரித்தார். யாராவது ஹேங்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண் எங்கே போய் நிற்கும் என்று கத்திரிக்குத் தெரியும். அங்கேதான் நின்றது. நல்ல உயரமான ஆளாக இருக்கிறார், இவரே பிடிக்கட்டுமே என்றார்.

பீரோ உடனே கையை நீட்டி வாங்கிக்கொண்டான். வருத்தமே இல்லாமல் வாங்கினான். யாராவது எதையாவது நீட்டினால் வாங்கித்தான் அவனுக்குப் பழக்கம். கையை உயர்த்தி, கோட்டைத் தனக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து நின்றான். அவளுக்கு அவன் முகம் தெரியவில்லை. போட்டோக்காரன், அண்ணே இன்னும் பின்னால போங்க, கோட்டு மறையுது என்றான். அவன் பின்னால் போனான். கோட்டுக்குக் கையெழுத்துப் போட வராது என்பதால் பதிவாளர் பேனாவை அவனிடம் நீட்டினார். வலது கையில் ஹேங்கர் இருந்ததால் இடது கையால் போடட்டுமா என்று கேட்டான். தலைவர் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, புதிய ஆண்மகன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதோ மேடையில் இருப்பவரே சாட்சி என்று பேச ஆரம்பித்தார். எல்லாரும் கோட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கத்திரிக்கு உடம்பு ஒரு நிலையில் இல்லை. கால் மறுபடி மிஷினை மிதித்தது. தான் தைத்த கோட்டையே கடைசியில் அவன் சுமக்கிறான் என்று நினைத்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். எப்போது மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. போய் ஹேங்கரைப் பிடித்தாள்.

"விடுண்ணா."

"கனமே இல்ல பாப்பா."

"தெரியும். நான்தானே தச்சேன். விடு."

அவன் விடவில்லை. அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிடிப்பவர் மாறுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்குப் போய், கையை முழுசாக உயர்த்தி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்க மாப்பிள்ளை இங்க இருக்கார் சார், நல்லாப் பாத்துக்கங்க என்றாள். விதிப்படி கோட்டு மேடையில்தான் இருந்தது. தலைவர் அதைப் பார்த்தே பேச்சைத் தொடர்ந்தார்.

அவளுக்குப் பின்னால் பீரோ தனியாக நின்றான். பேனாவை வாங்கி வலது கையால் கையெழுத்துப் போட்டான். போட்டு முடித்ததும் கையில் ஒன்றும் இல்லை. கையைப் பின்னால் கட்டினான், அவிழ்த்தான், முன்னால் தொங்கவிட்டுப் பார்த்தான். அங்கே நகர்த்த வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று மேசையை ஒருதரம் பார்த்தான். எதுவும் இல்லை என்று தெரிந்ததும், அத்தனை பெரிய ஆள் நடுமேடையில் பயந்துபோனவன் மாதிரி நின்றான். கல்யாணப் பெண் அவன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். அவன் பாரம் தெரியாமல் இருக்கக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான்.

"முழுசா வையுங்க" என்றாள் அவள். "நான் தாங்குவேன்."